பின்வாசல் இல்லாத ரப்பர் வீடு

ஓய்வுபெறும் உத்தியோகத்தருக்குத் தோட்ட நிர்வாகம் கொடுக்கும் கடிதம் எனக்கு மனப்பாடம். முதல் வரியில் நன்றி. அதற்கடுத்துச் சேமலாப நிதி விவரம். மிச்சம் முழுவதும் குவாட்டர்ஸைக் காலி செய்வது பற்றியது: சாவியை யாரிடம் ஒப்படைப்பது, சுவரில் ஆணியடித்த ஓட்டைகளை யார் பூசிக் கொடுப்பது, தோட்டத்துக்குச் சொந்தமான மேசை எது, நாற்காலி எது. எனக்கு முன்னால் போன அத்தனை பேருக்கும் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். என் முறை வந்தபோதும் நானேதான் செய்தேன். பெரிய கிளாக்கருக்கு வேறு யார் செய்து கொடுப்பார்கள்? தோட்ட மேனேஜரான துரை வாசித்துப் பார்த்தார். ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அது அறுபதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் மாதம். தோட்டம் டயகமவுக்குப் பக்கத்தில். மழைக்காலம் தொடங்கும்வரை குவாட்டர்ஸில் இருந்துகொள்ளலாம் என்று துரை பெருந்தன்மையோடு சொன்னார். எங்கள் மலைப்பக்கத்தில் அதற்கு அர்த்தம் மே மாதக் கடைசி. அதற்குள் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு கூரை வேண்டும். தலவாக்கலையில், ரயில் பாதைக்கு மேலே, சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தேன். அதில் புல்லும் இரண்டு சவுக்கு மரமும் நின்றன. ஏப்ரலுக்குள் சுவர் எழும்பாவிட்டால் மழை வந்து அஸ்திவாரக் குழியைக் குளமாக்கிவிடும்; பிறகு மாதக்கணக்கில் எந்த மேசனும் கரண்டியைத் தொடமாட்டான். மகள் ஒரு ஆசிரியரைக் கட்டிக்கொண்டு பொகவந்தலாவையில் இரண்டு அறையில் குடியிருந்தாள். அங்கே போய் விழுவதில்லை என்பதில் மட்டும் நானும் மனைவியும் ஒரே கட்சி.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படம் வரைய வேண்டும். பட்டின சபையில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். மேசனை அமர்த்த வேண்டும். கல், மணல், சுண்ணாம்பு, தகரம் என்ற ஒழுங்கில் சாமான் இறக்க வேண்டும். நானோ அலுமாரிக்கு மேலிருந்து ரப்பர் செங்கல் பெட்டியை இறக்கினேன்.

அந்தப் பெட்டி தோட்டத்துக்கு வந்த வருஷம் நாற்பத்தெட்டு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் என்பதால் மறக்கவில்லை. இந்திய வம்சாவளியான எங்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியும் அதே வருஷம் கூடவே வந்தது. அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை தன் மகனுக்காகச் சீமையிலிருந்து அதை வரவழைத்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து லொறியில் வந்த பெட்டியை, அலுவலக முறைப்படி, உடைசல் இருக்கிறதா என்று திறந்து பார்த்தவன் நான். உள்ளே சுண்டுவிரல் அளவுக்குச் சிவப்புச் செங்கற்கள், எல்லாம் ரப்பர். மேலே குமிழ், அடியில் குழி. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அமுக்கினால் கவ்விக்கொள்ளும். வெள்ளை ஜன்னல்கள், பச்சைக் கதவு ஒன்று, கூரைக்குப் பச்சைத் தகடுகள். களுத்துறைப் பக்கம் மரத்தில் வடிந்த பால் கப்பலேறிப் போய், செங்கலாகி, மறுபடியும் கப்பலேறி வந்திருந்தது.

பக்கத்தில் நின்ற, தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "பாத்தீங்களா, ரப்பருக்குக்கூட போக வர டிக்கட்டு. நமக்கு எப்பவும் ஒருவழிதான்," என்றார்.

துரை மகன் சில நாள் விளையாடியிருப்பான். பிறகு அவனைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டி பங்களாச் சாமான் அறையில் கிடந்தது. பல வருஷம் கழித்துத் துரையும் புறப்பட்டார். போகிற துரை பங்களாப் பொருள்களை உத்தியோகத்தருக்குத் தரம் பார்த்துப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். டீமேக்கருக்குப் பிரம்பு நாற்காலிகள் கிடைத்தன. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சருக்குச் சுவர்க்கடிகாரம். எனக்கு இந்தப் பெட்டி.

"கிளாக்கர், இது நீ எடு. பேரன் வெளையாடு," என்றார். அத்தனை காலம் எங்களோடு இருந்தும் அவருடைய தமிழ் கட்டளையைத் தாண்டி வளரவில்லை. எனக்கு அப்போது பேரன் கிடையாது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், அதுதான் முறை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் செங்கல் தீப்பெட்டியிலிருந்து வந்தது. தீப்பெட்டியின் உள்கூட்டில் அடுப்புச் சாம்பலைத் தூவி, தண்ணீர் ஓடும் கானோரத்துக் களிமண்ணைப் பிசைந்து அமுக்கி, கவிழ்த்துத் தட்டினால் ஒரு செங்கல் விழும். சாம்பல் இல்லாவிட்டால் மண் ஒட்டிக்கொண்டு கூடு கிழிந்துவிடும். புதுத் தீப்பெட்டி வாங்கிய வீட்டைச் சுற்றி நாங்கள் காக்கைகளைப்போல் காத்திருப்போம். செய்வது சுலபம், காயவைப்பதுதான் பாடு. வெயில் அந்தப் பக்கம் விருந்தாளி மாதிரி வரும், உட்காராமல் போய்விடும்.

எங்களுடையது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இரட்டை லயம். குடும்பத்துக்கு ஒன்றாக உள்ள காம்பிரா அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்களுடைய அடுப்பு அந்தச் சுவரை ஒட்டியே எரியும். அதனால் எங்கள் காம்பிராவில் எல்லாச் சுவரும் ஈரமாகச் சில்லிட்டிருந்தாலும் பின்சுவர் மட்டும் வெதுவெதுவென்றிருக்கும். குளிர்காலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார அதில் வீட்டுக்குள் சண்டையே நடக்கும். அதன் அடியில் செங்கற்களை வரிசையாகச் சாத்தி வைப்பேன். விடிய, வேலைக்கு ஆளெண்ணும் பெரட்டுக்குத் தப்படிப்பதற்கு முன்பே அந்த வீட்டில் அடுப்பை மூட்டிவிடுவார்கள். நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்போது செங்கல் காய்ந்திருக்கும்.

அதைக் கொண்டு நான் கட்டியது லயம். நீளமாக ஒரு சுவர், அதற்கு இரு பக்கமும் அறைகள். பங்களா கட்டு என்று மற்றப் பிள்ளைகள் கத்துவார்கள். பங்களாவை நான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாததை எப்படிக் கட்டுவது? அப்போதே நான் கிளாக்கர்தான் போலிருக்கிறது. கட்டிய லயம் ஒருநாளும் நின்றதில்லை. தூறல் வரும், எல்லாம் கரைந்து கானோடு போய்விடும். அதற்காக அழுத ஞாபகம் இல்லை. மண் அதே இடத்தில்தான் இருந்தது.

வேலையிலிருந்து நின்ற பிறகு கட்டுவது வேறு விஷயம். முதலில் முதுகு. சிறுவனுக்குத் தரை பக்கத்தில் இருக்கிறது. என் வயதில் அது பிரயாணம் செய்துபோக வேண்டிய இடம். ஆகவே மேசைமேல் கட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. கட்டுவதற்கு முன்பு முழுக்கல், அரைக்கல், மூலைக்கல் என்று தேயிலையைப்போல் தரம் பிரித்தேன். பழைய ரப்பர் என்பதால் சில கற்கள் இறுகியிருந்தன, சிலவற்றில் குமிழ் அறுந்திருந்தது. அவற்றை யாரும் பார்க்காத உள்சுவர்களுக்கு ஒதுக்கினேன். தீப்பெட்டிச் செங்கலில் ஒரு லயம் கட்ட நாள்கணக்கில் ஆகும். அத்தனை நேரமும் என் தலைக்குள் அந்த லயத்தைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. ரப்பரில் ஓர் அறை பொசுக்கென்று எழும்பிவிடும். அதற்குள் மேசன், மணல், மழை, மகள், பட்டின சபை ஓவர்சியர் எல்லோரும் வந்து போய்விடுவார்கள்.

ஆனாலும் ஒரு சுகம் இருந்ததை மறைப்பதற்கில்லை. குமிழ் குழிக்குள் இறங்கும்போது விரலுக்கு ஒரு நிறைவு. இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் செய்த எதுவும் அப்படிப் பொருந்தி உட்கார்ந்ததில்லை. பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். அனுமதி வேண்டாம், மேலொப்பம் வேண்டாம், கண்டிக்கும் கொழும்புக்கும் பிரதி அனுப்ப வேண்டாம்.

ஒரு செங்கல் ஓரடி என்று கணக்கு வைத்துக்கொண்டு, வரையப்போகும் வீட்டைத்தான் முதலில் கட்டிப் பார்த்தேன். அது உண்மை. இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை. முடிந்ததும் கூடம் சிறிதாகப் பட்டது, பிரித்தேன். அடுத்ததில் அறை இருட்டாகப் பட்டது, பிரித்தேன். ஜனவரி போயிற்று. குவாட்டர்ஸில் ஒரு சுவர் கோணலாக இருந்தால் அது தோட்டத்தின் கோணல். நானே கட்டும் வீட்டில் எல்லாக் கோணலும் என்னுடையதாகிவிடும். அந்த நினைப்பே அலுப்பாக இருந்தது. ரப்பரில் கட்டிக்கொண்டிருக்கும்வரை யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று எண்ணினேன்.

அந்த எண்ணம் தவறு என்று டீமேக்கர் காட்டினார். அவர் அடுத்த குவாட்டர்ஸ். சாயந்திரம் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது எட்டிப் பார்ப்பார்.

"என்ன பெரிய கிளாக்கரே, பேரனுக்கா?"

"இல்ல, பிளானுக்கு."

"நேத்துப் பாத்தப்ப கூடம் இங்கிட்டுல்ல இருந்துச்சு?"

"மாத்திட்டேன். காத்து அங்கிட்டுருந்து அடிக்கும்."

"ரப்பர் வீட்டுக்குக் காத்து!" அவர் மேசையைத் தட்டினார். "பாத்துங்க. இந்த மேச தோட்டத்து மேச. போறப்ப வீட்ட மட்டுந்தான் தூக்கிட்டுப் போகலாம்."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நல்லா சொல்லுங்கண்ணே. அதுக்குள்ளதான் குடியிருக்கப் போறோம்னு நினைக்கிறேன். நான் எப்புடியாச்சும் ஒண்டிக்குவேன். இவரு தலதான் நொழையாது."

பிப்ரவரியில், நான் பேசி வைத்திருந்த தலவாக்கலை மேசன் இரண்டாம் முறையாக வந்தான். மேசைமேல் இருந்ததைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஐயா, நானுஓயாவுல ஒரு கட வேல கேக்குறாங்க. பெரிய வேலங்க. நீங்க பிளானக் குடுத்தா நாளைக்கே கயிறு புடிச்சிருவேன். இல்லாட்டி திங்கக்கெழம நான் அங்க போயிருவேன். அப்புறம் மழ முடிஞ்சுதான்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள தாறேன்," என்றேன்.

"போன தடவையும் ஞாயித்துக்கெழமன்னுதான் சொன்னீங்க," என்றான் மரியாதையாக. மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள், என்னைப் பார்க்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் வீட்டை என் தோளுக்கு மேலாகத்தான் பார்த்திருந்தாள். அன்றுதான் முதல்முறையாக அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இது எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"சுவரு மட்டுந்தான் இருக்கு?"

"ஆமா. பின்சுவரு."

"அப்ப நான் எங்கிட்டு வெளிய போறது?"

"முன்வாசல் இருக்கே."

"வெறகு தூக்கிக்கிட்டு முன்வாசல்லயா? சாம்பல் கொட்ட, கழனித்தண்ணி ஊத்த, வந்தவங்க உக்காந்திருக்க நடுவுலயா? சமையக்கட்டுல ஒரு சன்னல்கூட இல்ல. பொக எங்கிட்டுப் போகும், உங்க மூக்கு வழியாவா?"

"பெட்டியில கதவு ஒண்ணுதான் இருந்துச்சு."

"அது வெள்ளக்காரப் பிள்ளைக்கு வந்த பெட்டி. அது சமையக்கட்டுப் பக்கமே போயிருக்காது."

நான் மேசையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை சிவப்பாக, ஒழுங்காக, ஓட்டையில்லாமல் ஒரு சுவர். இதுவரை எத்தனை தடவை பிரித்துக் கட்டியிருப்பேன்! கூடம் நகர்ந்திருக்கிறது, அறைகள் இடம் மாறியிருக்கின்றன. இந்தச் சுவர் மட்டும் ஒவ்வொரு முறையும் இப்படியேதான் எழும்பியிருந்தது. சந்தேகம்கூட வந்ததில்லை. நாங்கள் குடியிருந்த குவாட்டர்ஸில் பின்வாசல் இல்லாமலில்லை. ஆனால் அது அவளுடைய வாசல். நான் முன்வாசலால் ஆபீசுக்குப் போய் முன்வாசலால் திரும்பியவன். வீடு கட்டு என்று விட்டதும் என் கை நேராக லயத்துக்குப் போயிருக்கிறது. லயத்தில் பின்சுவரை யாரும் உடைப்பதில்லை; அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவளிடம் அதைச் சொன்னேன். தீப்பெட்டிச் செங்கலை, வெதுவெதுப்பான சுவரை, எல்லாவற்றையும். ஹட்டன் பஜாரில் கடைக்குப் பின்னால் பெரிய முற்றத்தோடு வளர்ந்தவள் அவள். லயத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"நம்ம காணியில பின்னுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. சரிவு. கீழ ரயில் ரோட்டு."

"அப்ப உங்க சுவர சூடாக்க யாரு அடுப்பு மூட்டப் போறா?"

பதிலுக்குக் காத்திராமல், சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து ஒரு செங்கலைப் பிடுங்கினாள். இன்னொன்று, இன்னொன்று. கதவு அளவுக்கு ஓட்டை விழுந்ததும் மேலேயிருந்த வரிசை தொய்ந்தது. ரப்பர் அல்லவா, உடையவில்லை. சோர்ந்துபோய் வளைந்து, கூரைத் தகடுகளையும் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சரிந்தது.

நான் பிடிக்கப் போனேன். "விடுங்க," என்றாள். "அங்க மேசன் கதவுக்கு மேல கட்ட வச்சுத்தான் கட்டுவாரு. நாளைக்கு மொத பஸ்ஸுல நான் போறேன். நீங்க வந்தா வாங்க."

போனேன். நானுஓயாவுக்குப் புறப்படத் தயாராகச் சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டிருந்த மேசனை அவன் வீட்டு வாசலிலேயே பிடித்தோம். பேசியது எல்லாம் அவள்தான். காணிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் நடந்தாள். மேசன் முளையடித்துக் கயிறு பிடித்தான். பின்பக்கக் கயிற்றுக்குப் பக்கத்தில் அவள் நின்று, குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கீறினாள்.

"கதவு இங்க."

"அம்மா, அந்தப் பக்கந்தான் காத்து. சாரல் உள்ளுக்கே அடிக்கும்."

"அடிக்கட்டும். மூடத்தானே கதவு."

மேசன் என்னைப் பார்த்தான். நான் கயிற்றைப் பார்த்தேன். பிறகு பஜாரில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து ஒரே தாளில் படத்தை வரைந்தேன். இரண்டு மாதமாக முடியாத வேலை இரண்டாவது பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பட்டின சபையில் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ஒன்றுதான் அந்தக் காரியத்தில் எனக்குத் தெரிந்தது. நானுஓயாக்காரர்களுக்கு மேசன் என்ன சாக்குச் சொன்னான் என்று நான் விசாரிக்கவில்லை.

சுவர் எழும்பியது. மே மாதத்தில் கடைசித் தகரத்தை ஆணியடித்துக்கொண்டிருந்தபோதே வானம் கறுத்துவிட்டது. குவாட்டர்ஸில் ஆணி ஓட்டைகளைப் பூசி, மேசை நாற்காலிகளைச் சரிபார்த்துக் கொடுத்து, சாவியை முறைப்படி ஒப்படைத்தேன். டீமேக்கர் லொறிவரை வந்து ரப்பர் பெட்டியை என் மடியில் வைத்தார். "ஒங்க மொத வீட்டப் பத்திரமாக் கொண்டு போங்க," என்றார்.

மேசன் சொன்னது பொய்யாகவில்லை. பின்வாசலால் சாரல் அடிக்கிறது. அவள் லீக்ஸ் பாத்தியிலிருந்து சேற்றுக் காலோடு உள்ளே வருகிறாள், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு மறுபடியும் போகிறாள். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் மூடுவது நான்தான்.

"லயத்துல இந்தத் தொல்லையே கெடையாது," என்று ஒருநாள் சொன்னேன்.

"அங்க போய்ப் படுத்துக்கங்க," என்றாள்.

கூடத்தில் ஒரு சிறிய மேசை வாங்கிப் போட்டிருக்கிறேன். மழை நாளில் ரப்பர் செங்கலை எடுத்து வைத்துக்கொள்வேன். இப்போது எதற்கும் அது பிளான் இல்லை. அதனால் இன்னும் நன்றாகவே இருக்கிறது, சிறுவயதில் இருந்த அளவுக்கு இல்லையென்றாலும். பின்சுவரில் ஓட்டை விட்டுக் கட்டப் பழகிவிட்டேன். மேல்வரிசை தொய்யாமல் இருக்க அதற்குக் கீழே குறுக்காக ஒன்று வைக்க வேண்டும். பலதையும் வைத்துப் பார்த்தேன். கடைசியில் தீப்பெட்டியின் உள்கூடுதான் கச்சிதமாகப் பொருந்தியது.

"தீப்பெட்டி எங்கங்க?" சமையலறையிலிருந்து சத்தம் வரும். "குச்சியெல்லாம் கொட்டிக் கெடக்கு!"

அவளுடைய அடுப்பு நான் உட்காரும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் புகைக்கு நல்லது என்று மேசன் எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. நான் வெறும் உறையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். அதில் உரசியே அவள் பற்றவைத்துவிடுவாள். திரும்பி வந்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அது சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.